குடும்ப வரலாற்றுத் தரவுத்தளத்தைப் பல கணினிகளில் ஒத்திசைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் குடும்ப வரலாறு தொகுப்பவர்கள் பெரும்பாலும் தனியாக அந்த வேலையைச் செய்வதில்லை. கோத்தகிரியில் இருப்பவர் பழைய ஆவணங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய, கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி படங்களை ஸ்கேன் செய்ய, பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் பிழைகளைத் திருத்த, ஒரே தரவுத்தளம் மூன்று கணினிகளுக்கிடையே அலைகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளைச் சார்ந்தவை. அது இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது.

குடும்ப மரத்தை எக்செல்லில்தான் எழுதி வைத்திருக்கிறேன். தனி மென்பொருள் எதற்கு?

ஒரு கிளையை மட்டும் எழுதுவதென்றால் எக்செல் போதும். கிளைகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் ஒரே பெண் ஒரு கிளையில் பேத்தியாகவும் இன்னொரு கிளையில் மருமகளாகவும் வருவாள். எக்செல்லில் அவளை இரண்டு இடங்களில் எழுத வேண்டியிருக்கும். ஓரிடத்தில் பிறந்த ஆண்டைத் திருத்தினால் மற்ற இடத்தில் பழைய ஆண்டே நிற்கும். தரவுத்தளத்தில் ஆளுக்கு ஒரே பதிவுதான். அந்த ஒரு பதிவே இரண்டு குடும்பங்களோடும் இணைக்கப்படுகிறது.

கிளவுட்டில் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம் அல்லவா? கூகுள் டாக்ஸில் அப்படித்தானே செய்கிறோம்?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கூகுள் டாக்ஸில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகச் சேவையகத்துக்குச் செல்கிறது. யார் எங்கே எதை மாற்றினார்கள் என்பதை அந்தச் சேவையகம் அறிந்து, அனைத்தையும் இணைத்துவிடுகிறது. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றின் ஒத்திசைவுக் கோப்புறைகள் அந்த வேலையைச் செய்வதில்லை. அவற்றுக்கு உங்கள் தரவுத்தளம் வெறும் ஒரு கோப்பு. அதற்குள் தாத்தா இருக்கிறாரா, பேரன் இருக்கிறானா என்பது அவற்றுக்குத் தெரியாது.

ஒரு கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பேர் ஆளுக்கொரு பிரதியில் எழுதிவிட்டு, மாலையில் ஒன்றை மட்டும் பீரோவில் வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும். நீங்கள் காலையில் சேர்த்த பத்துப் பெயர்களும் தம்பி மதியம் சேர்த்த ஆறு பெயர்களும் ஒரே கோப்பில் தாமாகச் சேர்ந்துகொள்ளாது. ஒன்று நிலைக்கும், மற்றது ஒதுக்கப்படும்.

அப்படியென்றால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் திறப்பதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தையே டிராப்பாக்ஸ் கோப்புறைக்குள் நகர்த்திவிடலாமா?

கிராம்ப்ஸில் தரவுத்தளம் இருக்கும் இடத்தை விருப்பத்தேர்வுகளில் மாற்ற முடியும் என்பதால் பலர் இதைச் செய்கிறார்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஒரு தொந்தரவும் வருவதில்லை. இருந்தும் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கிராம்ப்ஸ், அதைப் போன்ற இன்னொரு குடும்ப மர மென்பொருளான ரூட்ஸ்மேஜிக் இரண்டுமே இப்போது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள முறையில்தான் தகவல்களைச் சேமிக்கின்றன. எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது எஸ்கியூலைட் தன் முதன்மைக் கோப்புக்கு அருகிலேயே ஒரு தற்காலிகப் பதிவேட்டுக் கோப்பையும் வைத்துக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் போனால் மீண்டுவர உதவுவது அந்தக் கோப்புதான். ஒத்திசைவு மென்பொருளோ இரண்டையும் தொடர்பில்லாத இரு கோப்புகளாகக் கருதி, ஒன்றை இப்போதும் மற்றதைச் சற்றுப் பின்னரும் ஏற்றக்கூடும். அந்த நிலையில் மறுமுனையில் திறப்பவருக்குக் கிடைப்பது பாதி எழுதப்பட்ட தரவுத்தளம். இந்த இரு கோப்புகளையும் பிரித்தால் தரவுத்தளம் சேதமடையலாம் என்று எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எச்சரித்திருக்கிறார்கள்.

பூட்டுக் கோப்பு காப்பாற்றாதா என்றும் கேட்பார்கள். ஒரு மரத்தைத் திறந்தவுடன் கிராம்ப்ஸ் அந்தக் கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பை எழுதுகிறது; அதே மரத்தை இன்னொருவர் திறக்க முயன்றால் பூட்டுக் குறி தெரியும். ஆனால் அந்தப் பூட்டும் இணையம் வழியாகத்தான் மற்றக் கணினிக்குப் போய்ச்சேர வேண்டும். இணைப்பு மெதுவாக இருந்தால், பூட்டு வந்து சேர்வதற்குள் இரண்டாமவர் உள்ளே நுழைந்துவிடுவார்.

நான் கிளவுட்டே பயன்படுத்துவதில்லையே. எனக்கு எப்படி இந்தச் சிக்கல் வந்தது?

விண்டோஸ் கணினியில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளை ஒன்டிரைவ் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு உங்களுக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம். ரூட்ஸ்மேஜிக் கோப்பை டாக்குமென்ட்ஸில் வைத்திருந்தால் அது ஏற்கெனவே கிளவுட்டில்தான் இருக்கிறது. கடிகாரத்துக்கு அருகில் வெள்ளை அல்லது நீல நிற மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தரவுத்தளக் கோப்பை ஒத்திசைவு தொடாத வேறொரு கோப்புறைக்கு மாற்றுங்கள்.

அதையும் செய்யாதே, இதையும் செய்யாதே என்றால் எப்படித்தான் பகிர்ந்துகொள்வது?

தரவுத்தளம் ஒவ்வொருவர் கணினியிலும் ஒத்திசைவுக்கு வெளியே இருக்கட்டும். கிளவுட்டில் காப்புநகல் மட்டும் பயணிக்கட்டும். காப்புநகல் என்பது எழுதி முடித்து மூடப்பட்ட ஒற்றைக் கோப்பு. அதைப் பாதியில் யாரும் திருத்துவதில்லை என்பதால் முன் சொன்ன ஆபத்து அதற்கு இல்லை. கிராம்ப்ஸை மூடி வெளியேறும்போதெல்லாம் தானாகக் காப்புநகல் எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. அது சேமிக்கும் இடமாக உங்கள் டிராப்பாக்ஸ் அல்லது கூகுள் டிரைவ் கோப்புறையைக் காட்டிவிட்டால், மூடியவுடன் நாள், நேரத்தோடு கூடிய ஒரு கோப்பு மேலே ஏறிவிடும். படங்கள் இல்லாத காப்புநகல் சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் ஆயிரக்கணக்கான பெயர்கள் இருந்தாலும் சிறியதாகவே இருக்கும். மலையில் கிடைக்கும் மொபைல் இணைப்பிலும் சிரமமின்றி ஏறும்.

அடுத்தவர் வேலையைத் தொடங்கும்போது, வெற்று மரம் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, மிக அண்மைய காப்புநகலை அதில் இறக்குமதி செய்ய வேண்டும். இருக்கும் மரத்தின் மேலேயே இறக்குமதி செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. அதனால் ஒரே ஆள் இரண்டு முறை தோன்றும் வாய்ப்பு உண்டு. பழைய மரத்தை உடனே அழிக்காமல் பெயரில் "பழையது" என்று சேர்த்துச் சில வாரங்கள் வைத்திருங்கள்.

இதோடு யார் முறை என்பதைச் சொல்ல ஓர் ஏற்பாடும் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "சாவி என்னிடம்" என்று ஒருவர் எழுதினால், அவர் "சாவியை வைத்துவிட்டேன்" என்று எழுதும்வரை மற்றவர்கள் மரத்தைப் பார்க்கலாம், திருத்தக் கூடாது. சாவியை வைக்கும் முன் கோப்பு முழுவதும் ஏறிவிட்டதைக் காட்டும் பச்சைக் குறியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். இது மிகச் சாதாரணமான ஏற்பாடுதான். ஆனால் எந்த மென்பொருள் பூட்டையும் விட இது நன்றாக வேலை செய்கிறது.

எங்கள் பக்கம் மழை பிடித்தால் கரண்டும் இருக்காது, நெட்டும் இருக்காது. சாவியோடு மாட்டிக்கொண்டால்?

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் இது வழக்கமான சங்கடம். தரவுத்தளம் உங்கள் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் வேலையைத் தொடரலாம். காப்புநகல் மட்டும் பின்னால் ஏறும். அதுவரை சாவி உங்களுடையதுதான் என்பதைக் குழுவில் எப்படியாவது தெரிவித்துவிடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் குறுஞ்செய்தி போகும். மேசைக் கணினியில் வேலை செய்பவர்கள் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கிவிடுவது நல்லது.

சாவியை வைத்திருப்பவருக்கு அவசரமாக வெளியூர் போக நேர்ந்தால், அவர் குழுவில் ஒப்புக்கொடுத்த பிறகு, கிளவுட்டில் கடைசியாக ஏறிய காப்புநகலிலிருந்து மற்றவர் தொடங்கட்டும். முதலாமவர் கணினியில் ஏறாமல் தங்கிவிட்ட மாற்றங்கள் இருந்தால், அவற்றை அவர் திரும்பி வந்து புதிய பிரதியில் கையால் சேர்க்க வேண்டியதுதான்.

எந்தச் சேவை நல்லது? காசு கொடுக்காமல் முடியுமா?

காப்புநகல்களுக்கு மட்டும் என்றால் எதுவும் போதும். இலவசமாகக் கூகுள் 15 ஜிபி தருகிறது, ஆனால் அதில் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்கு கேட்கும். ஒன்டிரைவ் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி தருகின்றன. குடும்பத்தில் பெரும்பாலானோர் ஏற்கெனவே பயன்படுத்தும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். புதிய கடவுச்சொல்லைப் பெரியவர்களிடம் கொடுப்பது சேவைகளுக்கிடையேயான வேறுபாட்டை விடப் பெரிய தலைவலி.

இடம் தீர்ந்துபோவது ஸ்கேன் படங்களால்தான். ஓர் ஏ4 தாளை 600 டிபிஐ அளவில், வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 100 எம்பி ஆகும். அப்படி இருபது தாள்களிலேயே 2 ஜிபி நிரம்பிவிடும். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிடம் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, மண்டபம் முகாம் தாள்கள் என்று ஒரு கட்டே இருக்கும். மூலத் தரத்தில் எடுத்த படங்களை வெளிப்புற வன்தட்டில் வைத்துவிட்டு, 300 டிபிஐ ஜேபெக் பிரதிகளை மட்டும் பகிர்ந்த கோப்புறையில் வையுங்கள். எழுத்துகளைப் படிக்க அது தாராளம்.

தம்பி கணினியில் படங்கள் தெரிகின்றன, என் கணினியில் படம் இல்லை என்கிறது. ஏன்?

தரவுத்தளம் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் இருக்கும் பாதையை மட்டும்தான் குறித்துக்கொள்கிறது. தம்பியின் கணினியில் அந்தப் பாதை அவருடைய பயனர் பெயரோடு தொடங்கும், உங்கள் கணினியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. கிராம்ப்ஸில் படங்களுக்கான அடிப்படைப் பாதையை ஒவ்வொருவரும் தங்கள் கணினியின் பகிர்ந்த படக் கோப்புறைக்கு அமைத்துவிட்டு, படங்களைச் சேர்க்கும்போது சார்புப் பாதையை (அந்த அடிப்படைப் பாதையிலிருந்து தொடங்கும் பாதையை) தேர்ந்தெடுத்தால் இது தீரும். படங்கள் எழுதி முடித்த கோப்புகள் என்பதால் அவை ஒத்திசைவுக் கோப்புறையிலேயே இருக்கலாம்.

அதன் பிறகும் சில படங்கள் மட்டும் தெரியவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கோப்புப் பெயர்களில் லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. அடுத்து, வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஒத்திசைவு மென்பொருள் கோப்பின் பெயரை மட்டும் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை மேலேயே வைத்திருக்கலாம். அந்தக் கோப்புறையை "இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு" என்ற நிலைக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது காரணம் தமிழுக்கே உரியது. "கோத்தகிரி" என்ற பெயரில் உள்ள 'ோ' குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். 'ே', 'ா' என்று இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை அதை இரண்டாகப் பிரித்து வைக்கும். விண்டோஸ் தட்டச்சு செய்தபடியே விட்டுவிடும். அதனால்தான் "குன்னூர் வீடு" என்ற படம் திறக்கிறது, "கோத்தகிரி வீடு" என்ற படம் திறப்பதில்லை. படக் கோப்புகளின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துவிட்டு, தமிழ்த் தலைப்பைத் தரவுத்தளத்துக்குள் எழுதுவதே நிம்மதி.

'முரண்பட்ட நகல்' என்று ஆங்கிலத்தில் ஒரு கோப்பு வந்து நிற்கிறது. அழித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இரண்டு கணினிகளில் ஒரே கோப்பு மாற்றப்பட்டால், டிராப்பாக்ஸ் ஒன்றைப் பழைய பெயரில் விட்டுவிட்டு, மற்றதற்கு ஆள் அல்லது கணினியின் பெயரையும் தேதியையும் சேர்த்துப் புதிய பெயர் வைக்கிறது. முக்கியமான மாற்றங்கள் எதில் இருக்கின்றன என்பது கோப்பின் பெயரிலிருந்து தெரியாது. இரண்டையும் ஒத்திசைவுக்கு வெளியே நகலெடுத்துக்கொண்டு, தனித்தனி மரங்களாகத் திறந்து பாருங்கள்.

நான் கிராம்ப்ஸை புதுப்பித்தேன். அதன் பிறகு சித்தப்பாவுக்குத் திறக்கவில்லை என்கிறார்.

புதிய பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றியிருந்தால், பழைய பதிப்பால் அதைப் படிக்க முடியாது. எல்லோரும் ஒரே வாரத்தில் சேர்ந்து புதுப்பியுங்கள், அதற்கு முன் பழைய பதிப்பிலேயே ஒரு காப்புநகல் எடுத்துத் தனியாக வையுங்கள். சித்தப்பாவின் கணினி பழையதாக இருந்து புதிய பதிப்பு அதில் ஏறாது என்றால், அவருக்காக மற்றவர்களும் புதுப்பிக்காமல் காத்திருப்பதுதான் வழி.

அக்காள் வேறு மென்பொருள் வைத்திருக்கிறார். ஜெட்காம் கோப்பு அனுப்பிக்கொண்டால் போதாதா?

ஜெட்காம் என்பது மென்பொருள்களுக்கிடையே குடும்ப மரத்தை எடுத்துச்செல்லும் பொது வடிவம், 1980களில் தோன்றியது. இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் பேசுவது 5.5.1 என்ற பதிப்பை, 7.0 பதிப்பு 2021இல் வெளிவந்தது. ஒரு முறை வீடு மாறுவதற்கு அது நல்லது, அன்றாடம் போய்வர நல்லதல்ல. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று வைத்திருக்கும் புலங்கள் போகும்போது ஒரு பகுதி, வரும்போது ஒரு பகுதி என்று உதிர்ந்துவிடும். முதன்மை மரம் ஒரே மென்பொருளில் இருக்கட்டும். அக்காளுக்குப் பார்வைக்காக மட்டும் ஜெட்காம் அனுப்புங்கள். அவர் தரும் திருத்தங்களை வாட்ஸ்அப்பில் வாங்கி நீங்களே சேர்த்துவிடுங்கள்.

ஏற்றுமதி செய்யும்போது எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்களுக்கு அதுவும் உதவாது. அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

சாவி விதியெல்லாம் மீறி இரண்டு பேரும் மூன்று வாரம் தனித்தனியாக எழுதிவிட்டோம். இனி எப்படிச் சேர்ப்பது?

இரண்டு பிரதிகளில் அதிக மாற்றங்கள் உள்ளதை முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தனி மரமாகத் திறந்து, ஆட்கள் பட்டியலைக் கடைசியாக மாற்றிய தேதிப்படி வரிசைப்படுத்தினால், அந்த மூன்று வாரத்தில் தொட்ட ஆட்கள் மேலே வருவார்கள். குடும்பங்கள், நிகழ்வுகள், மூலங்கள் ஆகிய பட்டியல்களையும் அவ்வாறே பாருங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் முதன்மைப் பிரதியில் தட்டச்சு செய்தால் நினைப்பதை விட விரைவில் முடிந்துவிடும்.

இரண்டையும் ஒன்றாக இறக்குமதி செய்து, ஒத்த பதிவுகளைக் கண்டுபிடிக்கும் கருவியிடம் விட்டுவிடலாம் என்று தோன்றும். நம் குடும்பங்களுக்கு அந்தக் கருவியை நான் நம்புவதில்லை. குடும்பப்பெயர் இல்லை, தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. தாத்தாவின் பெயரே பேரனுக்கும் வைக்கப்படுகிறது. பிறந்த தேதி பலருக்குத் தோராயம். பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே தாத்தாவின் பெயர், ஒரே ஊர், இரண்டு வயது வித்தியாசம் என்றால் கருவி அவர்களை ஒரே ஆளாக்கச் சொல்லும். தவறாக இணைத்த பதிவைப் பிரித்தெடுப்பது, இரட்டைப் பதிவை இணைப்பதை விடப் பல மடங்கு கடினம். கருவியைப் பட்டியல் காட்ட மட்டும் பயன்படுத்தி, முடிவை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எடுங்கள்.

எல்லாம் கிளவுட்டில் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

ஒத்திசைவு நல்லதை மட்டும் கொண்டுசெல்வதில்லை. ஒருவர் தவறுதலாக அழித்தால் எல்லாக் கணினிகளிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்கள்தான் இருக்கும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் மீட்பதற்கு அதே 30 நாள்கள்தான். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மரத்தைத் திறக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கெடு போதாது. மாதம் ஒரு காப்புநகலையாவது, படங்களையும் உள்ளடக்கிய தொகுப்பாக, வெளிப்புற வன்தட்டில் எடுத்துவிட்டு அதைக் கழற்றி வையுங்கள்.

அந்த வன்தட்டுகளில் ஒன்று மலைக்குக் கீழே உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய மழையையும் பார்த்த மாவட்டத்துக்கு இதற்குக் காரணம் விளக்க வேண்டியதில்லை.

பகிர்ந்த கோப்புறையை யார் யாருக்குக் காட்டலாம்? சொந்தக்காரர்கள்தானே எல்லோரும்?

சொந்தக்காரர்களுக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. "இணைப்பு உள்ள எவரும்" என்ற அமைப்பை ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த இணைப்பு ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவ ஒரு நொடி போதும். உயிரோடிருப்பவர்களின் ஆதார், நிலப் பத்திரம், மருத்துவக் குறிப்புகள் இந்தக் கோப்புறைக்குள் வரவே கூடாது. தத்தெடுப்பு, மணமுறிவு போன்ற பதிவுகளை கிராம்ப்ஸில் அந்தரங்கம் என்று குறித்துவைக்கலாம். ஆனால் அந்தக் குறி, அவற்றை நீக்கி ஏற்றுமதி செய்யும்போதுதான் காக்கும். முன் சொன்ன முழுக் காப்புநகலில் அவை அப்படியே இருக்கும். ஆகவே முழுக் காப்புநகல் உள்ள கோப்புறை எழுதுபவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு வடிகட்டிய ஏற்றுமதி.

கணக்கு என் பெயரில் இருக்கிறது. எனக்குப் பிறகு?

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமையை கூகுள் வைத்திருக்கிறது. அதன் செயலற்ற கணக்கு மேலாளரில், குறிப்பிட்ட காலம் நீங்கள் உள்ளே வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்தத் தரவைக் கொடுக்க வேண்டும் என்பதை இப்போதே பதிந்துவைக்கலாம். மற்றச் சேவைகளைப் பயன்படுத்துபவர்கள், மரத்தில் எழுதும் ஒவ்வொருவரின் கணினியிலும் முழுப் பிரதி இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாவியெல்லாம் சரிப்படாது, மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது கோப்பை ஒத்திசைக்கும் வழி அல்ல. இரண்டாம் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, மாற்றங்களைப் புரிந்துகொள்ளும் சேவையகம் ஒன்று நடுவில் வேண்டும். கிராம்ப்ஸ் வெப், வெப்ட்ரீஸ் ஆகிய இரண்டும் அப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். மரம் ஒரு சேவையகத்தில் இருக்கும். ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் உலாவி வழியாக நுழைந்து எழுதுவார்கள். பார்ப்பவர், திருத்துபவர் என்று உரிமைகளையும் பிரிக்கலாம். கிராம்ப்ஸ் வெப்பில் உள்ள மரத்தைக் கணினியில் உள்ள கிராம்ப்ஸோடு ஒத்திசைக்கத் தனித் துணைக்கருவியும் கிடைக்கிறது.

இதற்கு வாடகைச் சேவையகமும், அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் தேவை. இணையம் இல்லாத நாளில் உலாவியில் எழுத முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குடும்பத்தில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளை இருந்து, அவர் இதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் இந்த வழிக்குச் செல்லுங்கள்; இல்லையென்றால் வாட்ஸ்அப் சாவியே போதும்.